இரவில் எழுவது பசியால்தானா? ஆறு மாதக் குழந்தையின் இணை உணவும் தூக்கமும்

வாசகி திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். வயது 28. நிறைமாதத்தில் 2.9 கிலோ எடையுடன் பிறந்த அவருடைய முதல் பெண் குழந்தைக்கு இப்போது ஆறு மாதமும் பத்து நாளும் ஆகின்றன. சென்ற வாரம் பார்த்த எடை 7.1 கிலோ. மகப்பேறு விடுப்பு முடிந்து மூன்று வாரங்களாக அவர் வேலைக்குப் போய்வருகிறார். பகலில் குழந்தையை மாமியார் கவனித்துக்கொள்கிறார். அதுவரை இரவில் இரண்டு முறை எழுந்து பால் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தை, இந்த மூன்று வாரங்களாக நான்கைந்து முறை எழுந்து அழுகிறாள். “பாலு தண்ணியாயிருச்சு, அதுல சத்தே இல்ல; ராத்திரி ஒரு பாட்டில் ராகிக் கூழ் குடுத்தா விடிய விடியத் தூங்கும்” என்கிறார் மாமியார். அலுவலகத் தோழி ஒருவர், குழந்தையை அழவிட்டுப் பழக்கினால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

ராகிக் கூழ் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. கெட்டியாகக் கொடுத்தால் நாக்கால் வெளியே தள்ளுகிறாள் என்பதால் நீர்க்கக் கரைத்துச் சங்கில் புகட்டுகிறார்கள். மலம் இறுகிவிட்டது. முட்டையும் பருப்பும் ஒரு வயதுக்கு மேல்தான் என்பது வீட்டுப் பெரியவர்களின் கருத்து. குழந்தை தூங்குவது தூளியில். அதை ஆட்ட மோட்டார் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். “சில இரவுகளில் அவளோடு சேர்ந்து நானும் அழுகிறேன். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சகோதரி, உங்கள் குழந்தை நன்றாக வளர்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஆறு மாதப் பெண் குழந்தையின் நடுமட்ட எடை ஏறத்தாழ 7.3 கிலோ, 5.7 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு என்று கணக்கிடுவோம். உங்கள் மகள் 2.9 கிலோவிலிருந்து 7.1 கிலோவுக்கு வந்தது முழுக்க முழுக்க உங்கள் பாலைக் குடித்துத்தான். ஆறு மாதம் ஆனதும் தாய்ப்பால் சத்திழந்து போவதில்லை. குழந்தையின் தேவை கூடிவிடுகிறது, அதில் ஒரு பகுதியை மட்டும் உணவு ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆறிலிருந்து எட்டு மாதம் வரையுள்ள காலத்தில் உணவிலிருந்து கிடைக்க வேண்டியது நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி. மீதமெல்லாம் பால்தான்.

உங்கள் கடிதம் உணவையும் தூக்கத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறது. இரவில் எழுகிறாள், ஆகவே பசி, ஆகவே கூழ் என்ற வரிசையில் உங்கள் வீட்டில் எல்லோரும் யோசிக்கிறீர்கள். இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டால் இரண்டையும் தனித்தனியே சரிசெய்வது எளிது.

கூழ் கொடுத்தால் தூங்குவாளா?

இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில், தூங்குவதற்கு முன் பாட்டிலில் அரிசி மாவு கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1989-இல் வெளியானது. ஐந்தாவது வாரத்திலேயே தொடங்கிய குழந்தைகளுக்கும் நான்காவது மாதத்தில் தொடங்கிய குழந்தைகளுக்கும் இரவுத் தூக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,303 குழந்தைகளை வைத்து நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று மாதத்திலேயே தாய்ப்பாலோடு திட உணவும் பெற்ற குழந்தைகள் சற்றுக் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது உண்மை. அந்தக் கூடுதல் நேரம், வேறுபாடு உச்சத்தில் இருந்த ஆறாம் மாதத்தில்கூட, இரவுக்கு 17 நிமிடங்களுக்கும் குறைவு. விழிப்பு இரண்டு முறை என்ற அளவிலிருந்து 1.74 முறைக்கு இறங்கியது. விடிய விடியத் தூங்க வைக்கும் மருந்து உணவில் இல்லை.

கூழின் கணக்கையும் பாருங்கள். 10 கிராம் ராகி மாவை 150 மில்லி நீரில் காய்ச்சினால் அதில் இருப்பது சுமார் 33 கலோரி. அதே 150 மில்லி தாய்ப்பாலில் இருப்பது ஏறத்தாழ 100 கலோரி, கூடவே கொழுப்பும் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும். குழந்தையின் இரைப்பை சிறியது. அதை நீர்த்த கூழால் நிரப்பும்போது வயிறு நிறைந்த தோற்றம் கிடைக்கிறது. உள்ளே போன சத்தோ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதில் வேறு இரண்டு சிக்கல்களும் உண்டு. பால் காம்பின் இடுக்கில் மாவு தங்கிப் புளித்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். படுத்தபடி கெட்டித் திரவத்தைக் குடிக்கும்போது புரையேறும். உங்கள் வீட்டில் இதுவரை பாட்டில் நுழையவில்லை. இனியும் நுழைய வேண்டாம்.

ஆறு மாதக் குழந்தை இரவில் எழுவதே ஒரு குறை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 38 பேர் இரவில் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 பேர் தூங்கவில்லை. அவர்களுடைய அறிவு வளர்ச்சியிலோ உடல் இயக்க வளர்ச்சியிலோ பின்னடைவு எதுவும் காணப்படவில்லை. இந்த வயதில் இரவில் ஒன்றிரண்டு முறை எழுந்து பால் குடிப்பது இயல்பு. நான்கைந்து முறை என்பதைத்தான் நாம் குறைக்கப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஏன் எழுகிறாள்?

விடை உங்கள் கடிதத்தின் நடுவிலேயே இருக்கிறது. காலை எட்டரை மணிக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிறீர்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் நீங்கள் எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலில் “சங்கில் நூறு மில்லிதான் குடிக்கிறாள், மற்றபடி கூழ்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் குடிக்கும் தாய்ப்பால் ஏறத்தாழ 700 முதல் 800 மில்லி. பகலில் நூறு மில்லியோடு நின்றால் மீதியை அவள் எப்போது குடிப்பாள்? நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில்தான். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகள் பலர் இப்படிப் பகல் பாலை இரவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். தூக்கத்துக்காகக் கொடுக்கும் நீர்த்த கூழ், பகல் பாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு இரவு விழிப்பைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் கணிப்பு.

இரண்டாவது காரணம் தூளி. இந்த வயதில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையின் தூக்கம் மேலோட்டமாகி மறுபடி ஆழ்ந்துபோகும். தூங்கத் தொடங்கியபோது தூளி ஆடிக்கொண்டிருந்தது; தூக்கம் மேலெழும்போது மோட்டார் நின்று தூளி அசையாமல் தொங்குகிறது. உங்கள் கணவர் எழுந்து சுவிட்சைப் போட்டதும் இரண்டே நிமிடத்தில் அழுகை நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பசித்து அழுத குழந்தை ஆட்டத்துக்கு அடங்காது. ஆகவே அந்த நான்கைந்து விழிப்புகளில் குறைந்தது இரண்டு ஆட்டத்துக்கான அழைப்பு என்று துணிந்து சொல்லலாம்.

மூன்றாவது, நீங்கள். பகலெல்லாம் காணாமல் போகும் அம்மா இரவில் கிடைக்கிறாள். இதற்கு மருந்தும் இல்லை, அவசியமும் இல்லை.

உணவை எதற்காகத் தொடங்குகிறோம்?

தூக்கத்துக்காக அல்ல என்றால் எதற்காக? முதன்மையாக இரும்புச்சத்துக்காக. கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து சேர்த்துக்கொண்ட இரும்பு ஏறத்தாழ ஆறு மாதம் வரை கைகொடுக்கும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும் என்றாலும் அளவு மிகக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்; அதன் வேர் பெரும்பாலும் இந்த ஆறாம், ஏழாம் மாதங்களில்தான் இருக்கிறது. இரும்பு குறைந்த குழந்தைகள் எரிச்சலோடு இருப்பதும் தூக்கத்தில் அமைதியின்றிப் புரள்வதும் உண்டு. உணவுக்கும் தூக்கத்துக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது.

ராகி நல்ல தானியம். சுண்ணாம்புச்சத்தில் அதற்கு இணையான தானியம் நம்மிடம் இல்லை. ஆனால் அதிலுள்ள இரும்பு அளவாகத்தான் இருக்கிறது, அதுவும் முழுமையாக உடலில் சேர்வதில்லை. முளைகட்டி அரைத்தால் ஓரளவு கூடுதலாகச் சேரும். ஆகவே ராகியோடு நின்றுவிடாதீர்கள். நன்றாக வெந்த பாசிப்பருப்பை அரிசியோடு குழைய மசித்து, ஒரு சிறு கரண்டி நெய் விட்டுக் கொடுங்கள். அந்த நெய்யிலேயே 40 கலோரி இருக்கிறது. இட்லி, மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, கேரட், இளம் முருங்கைக் கீரையைப் பருப்போடு வேகவைத்து மசித்தது எல்லாமே இப்போதே கொடுக்கத் தக்கவை. பருப்பும் கீரையும் கொடுக்கும் வேளையில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ, கொஞ்சம் பப்பாளியோ சேர்ந்தால் அவற்றின் இரும்பு கூடுதலாக உள்ளே போகும்.

முட்டையை ஒரு வயது வரை தள்ளிப்போடும் பழக்கத்துக்கு இன்று மருத்துவ அடிப்படை இல்லை. அசைவம் உண்ணும் வீடு என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: நன்றாக வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும், முள் நீக்கி மசித்த மீனையும், குழைய வெந்த கோழிக்கறியையும் ஆட்டு ஈரலையும் இந்த மாதமே தொடங்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை ஒரு சிறு துண்டு போதும். நிலக்கடலையையும் நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளிடம்கூட, அதை முதல் வயதுக்குள் தொடங்குவது பிற்காலக் கடலை ஒவ்வாமையைப் பெருமளவு தடுக்கிறது என்று லண்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைக்குக் கடுமையான தோல் கரப்பான் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை ஆகியவற்றை நாலைந்து வயது வரை கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். புதிய உணவைக் காலையிலோ நண்பகலிலோ அறிமுகப்படுத்துங்கள். தடிப்போ வாந்தியோ வந்தால் பகல் வெளிச்சத்தில் கண்ணில் படும்.

இதோடு, அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை கொடுக்கப்படும் இரும்பு, ஃபோலிக் அமிலச் சிரப்பைக் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு வாங்குங்கள். ஒரு வேளைக்கு ஒரு மில்லி. மலம் கறுத்துப் போவதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவர் ஏற்கெனவே வேறு இரும்புச் சொட்டு மருந்து எழுதியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காமல் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு, எந்தப் பதத்தில்?

நாக்கால் வெளியே தள்ளுவது வெறுப்பின் அடையாளமல்ல. பிறந்ததிலிருந்து உறிஞ்ச மட்டுமே பழகிய நாக்கு, முன்னிருந்து பின்னுக்கு உணவை நகர்த்தக் கற்றுக்கொண்டிருக்கிறது. நீர்க்கக் கரைத்துச் சங்கில் புகட்டினால் அவள் அதைக் கற்கவே மாட்டாள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாமல் ஒட்டி நிற்கும் பதமே சரியான பதம். அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்துக் கீழுதட்டில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். வாய் திறந்தால் உள்ளே வையுங்கள். முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. மூக்கைப் பிடித்துப் புகட்டுவதும் அழும்போது திறக்கும் வாயில் ஊற்றுவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கின்றன. புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடிவதற்கு அதுவே வழி.

முதல் சில நாட்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். அங்கிருந்து மெல்லக் கூட்டி, எட்டாம் மாதத்துக்குள் அரைக் கிண்ணமாக, நாளுக்கு இரண்டு மூன்று வேளைக்கு வந்துவிடலாம். ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. மிக்சியில் கூழாக அரைப்பதை வழக்கமாக்காமல் கையாலோ கரண்டியாலோ மசியுங்கள். ஒன்பது பத்து மாதத்துக்குள் சிறு கட்டிகளோடு உண்ணப் பழகாத குழந்தை, பிறகு மென்று தின்ன மறுப்பதைப் பார்க்கிறோம்.

உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையில்லை. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் இயற்கையானவை என்று எழுதியிருந்தீர்கள். பல்லுக்கும் நாக்கின் பழக்கத்துக்கும் அவை சர்க்கரையே. தேனை ஒரு வயதுக்குள் நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பசும்பாலைத் தயிராகவோ சமையலில் சிறிதாகவோ சேர்க்கலாம். ஒரு வயது வரை தாய்ப்பாலுக்குப் பதிலாக அதைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம்.

மலச்சிக்கலுக்குக் காரணம், பால் குறைந்து ஒரே வகை மாவு மட்டும் உள்ளே போவது. பாலைக் கூட்டுங்கள், பப்பாளி, வெந்த காய்கறி, நெய் சேருங்கள், உணவோடு கொதித்து ஆறிய நீர் சில மடக்கு கொடுங்கள். விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பை ஆசனவாயில் செருகும் வழக்கம் வேண்டாம், உள்ளே கிழிந்துவிடும். மாமியார் கொடுக்கும் உரைமருந்தில் வசம்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மை காரணமாக அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கத் தடை உள்ளது. அதை நிறுத்திவிடுங்கள். ஆனால் அதை உங்கள் மாமியாரிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். பகல் பத்து மணி நேரமும் அந்தக் குழந்தையைச் சுமப்பவர் அவர். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எடை அட்டவணையை அவர் கண்ணால் பார்க்கட்டும், மருத்துவர் அவரிடம் நேரடியாகப் பேசட்டும். நீங்கள் வீட்டில் பத்து முறை சொல்வதைவிட அது பயன் தரும்.

இரவுகளைச் சரிசெய்ய

இதற்கான வேலை பகலில் தொடங்குகிறது. காலையில் கிளம்பும் முன் வயிறாரப் பால் கொடுங்கள். திரும்பியதும் உடை மாற்றியவுடன் முதல் வேலையாகக் கொடுங்கள். தூங்கும் முன் மறுபடி கொடுங்கள். அலுவலகத்தில் இரண்டு மூன்று முறை பாலை எடுத்து உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அங்கே அது நான்கு நாள் தாங்கும். வெளியே நான்கு மணி நேரம் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்கான கணக்கு, நம் ஊர் வெயிலுக்கு அல்ல. வீட்டில் மாமியார் அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கி, கூழுக்கு முன்னதாக, சங்கிலோ பாலாடையிலோ கொடுக்கட்டும். நூறு மில்லி இருநூறு, முந்நூறு என்று உயர்ந்தாலே இரவில் ஒரு விழிப்பாவது குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். எட்டரைக்குள் தூக்கம் என்று வையுங்கள். நம் வீடுகளில் பத்தரை வரை குழல்விளக்கும் தொலைக்காட்சித் தொடரும் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை அந்த வெளிச்சத்திலேயே களைத்துச் சோர்ந்து, அழுது, பிறகு தூங்கும். ஒரே ஓர் அறையிலாவது விளக்கை அணைத்துவிடுங்கள். வெந்நீரில் உடம்பைத் துடைத்தல், உடை மாற்றுதல், பால், ஒரே தாலாட்டு என்று தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும்.

தூளியை ஒரேயடியாகக் கழற்ற வேண்டியதில்லை. முதல் வாரம் தூங்கும் வரை ஆட்டாமல், கண் சொருகும்போது நிறுத்துங்கள். அடுத்து, இரவின் முதல் தூக்கத்தை மட்டும் தரைப் படுக்கையில் தொடங்கி, நெஞ்சில் கை வைத்துத் தட்டிக் கொடுங்கள். மோட்டாரை இரவில் பயன்படுத்தாதீர்கள். எப்படியும் அவள் தானாக உட்காரவோ மண்டியிடவோ தொடங்கும் நாளில் தூளி ஆபத்தாகிவிடும். துணியில் சுற்றிக்கொள்வதும் வெளியே விழுவதும் நேரும். இளங்குழந்தையின் தாடை மார்பில் முட்டும்படி உடல் வளைந்து கிடப்பது மூச்சுக்கும் நல்லதல்ல. உங்கள் பாயை ஒட்டியே அவளுக்கென்று தனியாகக் கெட்டியான மெத்தை விரித்து, தலையணையோ தடித்த போர்வையோ இல்லாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கொசுவலை போதும்.

இரவில் முனகியதும் தூக்காதீர்கள். ஓரிரு நிமிடம் இருட்டிலேயே காத்திருங்கள். அரைத் தூக்கத்தில் முனகிவிட்டு மறுபடி உறங்கிப்போகும் குழந்தைகள் பலர். அழுகை வலுத்தால் முதலில் கணவர் தட்டிக் கொடுக்கட்டும். அதற்கும் அடங்காவிட்டால் விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் பால் கொடுத்துப் படுக்க வையுங்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் ஒரே மாதிரி செய்து பாருங்கள்.

அழவிட்டுப் பழக்குவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, குழந்தை தானாகத் தூங்கப் பழக்கும் முறைகள் மேலைநாடுகளில் ஆராயப்பட்டவைதான். ஆஸ்திரேலியாவில், தூக்கச் சிக்கல் இருந்த குழந்தைகளின் பெற்றோருக்கு எட்டு மாத வயதில் அத்தகைய பயிற்சி அளித்து, குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். நிலையான தீங்கும் தெரியவில்லை, நிலையான நன்மையும் தெரியவில்லை. ஆகவே அதைச் செய்பவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மகள் அந்த வயதை எட்டவில்லை. அம்மாவைப் பகலில் பிரியத் தொடங்கி மூன்றே வாரம். பகல் பால் பாதி கூடக் கிடைப்பதில்லை. இந்த நிலையில் அழவிடுவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு ஒன்பது மாதத்தில், உணவு நிலைத்த பிறகும் இதே விழிப்புகள் தொடர்ந்தால் அப்போது மறுபடி எழுதுங்கள். அந்த வயதில் பிரிவுப் பயம் கூடி, சில வாரங்கள் தூக்கம் மறுபடி குலையும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையும் நீங்களும்

தூக்கமில்லாத மூன்று வாரங்களின் முடிவில் வேலையை விடும் முடிவை எடுக்காதீர்கள். சட்ட நுணுக்கம் என் துறையல்ல. ஆனால் தாய்மார்களிடம் நான் தவறாமல் சொல்லும் உரிமைகள் இரண்டு உண்டு. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளுக்கு இரண்டு முறை பாலூட்டுவதற்கான இடைவேளை தர 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகை செய்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பால் எடுப்பதற்கு ஒரு கதவடைத்த அறையையும் இந்த இரண்டு இடைவேளைகளையும் எழுத்தில் கேளுங்கள். வீடு இருபது நிமிடத் தொலைவில் என்பதால் நண்பகலில் கணவரோ மாமனாரோ குழந்தையை ஒருமுறை அழைத்துவர முடியுமா என்றும் பாருங்கள். அந்த ஒரு வேளைப் பாலே இரவைக் கணிசமாக மாற்றும். இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகும் வேலையை விடத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அது உங்கள் முடிவு. அதில் தவறேதும் இல்லை.

குழந்தையோடு சேர்ந்து அழுவதாக எழுதிய வரியை நான் கடந்துபோக விரும்பவில்லை. களைப்பில் சில இரவு அழுவது ஒன்று. பகலிலும் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போவது, நான் நல்ல தாயல்ல என்ற எண்ணம் விடாமல் துரத்துவது என்று இரண்டு வாரம் நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவமாகி ஒரு வருடம் வரை அது வரலாம். மருத்துவத்தால் குணமாகும் நோய் அது, தாய்ப்பாலை நிறுத்தாமலே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்திவிடுவோமோ என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே கணவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வாரத்தில் இரண்டு இரவுகளாவது, முதல் பாலுக்குப் பிறகு நான்கு மணி நேரம் நீங்கள் வேறு அறையில் தூங்கவும், அந்த நேரத்தை உங்கள் கணவர் எடுத்து வைத்த பாலோடு பார்த்துக்கொள்ளவும் இன்றே பேசி வையுங்கள்.

குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைகள் சில: குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருதல், பச்சையாகவோ விடாமலோ வாந்தி, மலத்தில் ரத்தம், ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்து அவள் சோர்ந்து கிடப்பது, உள்ளங்கையும் கண்ணின் கீழிமை உட்புறமும் வெளுத்துப்போவது. இவை எதுவும் இல்லையென்றால், அடுத்த மாதம் அங்கன்வாடியில் எடை பார்த்துத் தாய் சேய் நல அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்குப் போகும்போது அந்த அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பகலில் அவள் குடிக்கும் பாலின் அளவையும் இரவு விழிப்புகளையும் ஒரு வாரம் எழுதிய தாளும் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பேச வசதியாக இருக்கும்.